நனையாத தூவிக் கோட்டு வாங்கலாமா?

மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் செல்லும் நம் மாணவர்கள் பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில் அங்கே போய் இறங்குகிறார்கள். இரண்டு மாதம் கழிவதற்குள் குளிர்காலம் வந்துவிடுகிறது. ஊரிலிருந்து கொண்டுபோன ஸ்வெட்டர் போதவில்லை. கடைக்குப் போனால் 'வாட்டர்ப்ரூஃப் டவுன் ஜாக்கெட்' என்ற ஒன்று கண்ணைப் பறிக்கிறது. வாத்தின் மெல்லிய தூவியை அடைத்துத் தைத்து, மேலே மழை புகாத துணியைப் போர்த்திய கோட்டு அது. குளிருக்கும் ஆயிற்று, மழைக்கும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று விற்பவர் சொல்கிறார். கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிடுகிறார்கள்.

ஈரமான குளிருக்கு இந்த ஒற்றைக் கோட்டை முதல் தேர்வாகக் கொள்ளலாகாது என்பது என் கருத்து. குளிரைத் தடுக்க ஒன்று, மழையைத் தடுக்க ஒன்று என இரண்டு உடைகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வதே அறிவுடைமை. இவ்வாறு சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. அவையெல்லாம் உங்கள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் இயற்பியல்தான்.

கோட்டு வெப்பம் தருகிறதா?

முதலில் ஒரு கேள்வி. கம்பளிச் சட்டை உடலுக்கு வெப்பம் தருகிறது என்கிறோமே, அது சரியா? கம்பளிச் சட்டையை ஒரு வெப்பமானிக்குப் போர்த்தி மேசைமேல் வையுங்கள். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் பாதரசம் ஏறாது. வெப்பத்தை உண்டாக்குவது நம் உடல். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமமான அளவு இது. அந்த வெப்பம் விரைந்து வெளியேறிவிடாமல் காப்பதே உடையின் வேலை.

உடையில் இந்த வேலையைச் செய்வது எது? நூலா, இறகா? இரண்டும் அல்ல, அவற்றினிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே அது. காற்று ஓர் அரிதிற் கடத்தி. ஆனால் அது சும்மா இருப்பதில்லை. சூடானால் மேலே எழும், வெப்பச்சலனம் தொடங்கிவிடும். ஆகவே காற்றைச் சின்னஞ்சிறு அறைகளில் அடைத்து வைக்க வேண்டும். அதற்கு இயற்கை கண்ட வழிகளுள் மிகச் சிறந்தது தூவி.

தூவி என்ற சொல் நமக்குப் புதிதன்று. கூதிர்காலத்தின் மழையையும் குளிரையும் பாடும் நெடுநல்வாடையில், அரசியின் கட்டில்மேல் அன்னத்தின் தூவியால் ஆன அணை விரிக்கப்பட்டிருப்பதாகப் படிக்கிறோம். வாத்தின் மார்பில், வெளி இறகுகளுக்கு அடியில் வளர்வது இது. சாதாரண இறகைப் போல இதற்கு விறைப்பான நடுத்தண்டு கிடையாது. ஒரு சிறு மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் நுண்ணிழைகள் விரிந்து நிற்கும். கையால் அமுக்கினால் அமுங்கும். விட்டால் பழையபடி உப்பும்.

எவ்வளவு உப்பும் என்பதைத்தான் கோட்டின் சீட்டில் 600, 700, 800 என்று 'ஃபில் பவர்' எண்ணாகப் போடுகிறார்கள். 1 அவுன்சு தூவி எத்தனை கன அங்குல இடத்தை நிரப்பும் என்பதே அந்த எண். 800 என்றால், நம் அளவைகளில் 1 கிராம் தூவி ஏறத்தாழ 460 கன செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று பொருள். தூவி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. 1 கிராம் கெரட்டினின் பருமன் 1 கன செ.மீ.கூட இல்லை. மீதி 459 கன செ.மீ. என்ன? வெறும் காற்று! விலை கொடுத்து நாம் வாங்குவது நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் காற்றுதான்.

இதன் பெருமையை முதலில் மலையேறிகளுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஃபின்ச் என்ற வேதியியல் அறிஞர். 1922-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற அவர், பலூன் செய்யும் துணிக்குள் ஐடர் என்னும் கடல்வாத்தின் தூவியை அடைத்துத் தமக்கென ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டு போனார். கம்பளியும் ட்வீடும் அணிந்த மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அந்த ஆண்டு மே மாதத்தில் ஃபின்ச், ஜெஃப்ரி புரூஸ் என்ற தோழருடன் 8,300 மீட்டர் உயரம் வரை சென்று திரும்பினார். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

அப்படியானால் தூவிக்கு என்ன குறை? எவரெஸ்டில் இல்லாத ஒன்று கிளாஸ்கோவில் இருக்கிறது. அதுதான் மழை.

இரண்டு வகைக் குளிர்

குளிர் என்றால் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டு லே நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகிறது. அங்கே ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே சுமார் 100 மி.மீ. அளவுதான். விழுவதும் உலர்ந்த பனித்தூள். தோளைத் தட்டினால் உதிர்ந்துவிடும். இது உலர்குளிர்.

கிளாஸ்கோவில் ஜனவரிப் பகல் ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸ். இரவு 1 அல்லது 2 டிகிரி. எண்ணைப் பார்த்தால் லேயை விட எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டுக்கு 1,100 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. 'சென்னையில் இதைவிட அதிகம் பெய்கிறதே!' என்பீர்கள். உண்மை. ஆயினும் சென்னையின் மழை ஏறத்தாழ 60 நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிளாஸ்கோவிலோ ஆண்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான நாட்களில் சிறுகச் சிறுகத் தூறிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் நனைந்த கோட்டு மறுநாள் காய்வதற்குள் மீண்டும் தூறல். இது ஈரக்குளிர்.

ஈரக்காற்று வெப்பத்தை அதிகம் கடத்துவதால்தான் ஈரக்குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று பலர் கூறுவதுண்டு. இது தவறு. 3 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 6 கிராம்தான். ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட காற்றில் 6 கிராம் நீராவி கலந்தால் அதன் கடத்தும் திறன் அப்படியொன்றும் மாறிவிடாது. உண்மையான திருடன் நம் உடைக்குள் புகுந்துகொள்ளும் திரவ நீரே.

தூவி நனைந்தால்

நீரின் வெப்பங்கடத்தும் திறன் காற்றைப் போல் 24 மடங்கு. ஆகவே காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் காப்பு குறையும். தூவியின் நிலை இதைவிட மோசமானது. குளித்துவிட்டு எழும்போது தலைமுடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு நீரின் பரப்பு இழுவிசை காரணம் அல்லவா? தூவியின் இழைகள் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியவை. ஈரம் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டி உருண்டு கட்டியாகிவிடும். காற்றறைகள் மறைந்துபோகும். உப்பியிருந்த கோட்டு சப்பிவிடும்.

இதன் விளைவை ஒரு தோராயக் கணக்கால் காணலாம். கோட்டு மூடும் பரப்பு 1 சதுர மீட்டர் என்க. தோலின் வெப்பநிலை 33 டிகிரி, வெளியே 3 டிகிரி, வேறுபாடு 30. கோட்டின் தடிமன் 2 செ.மீ. அசையாத காற்றின் கடத்தும் திறன் 0.025 என்ற அளவைப் பயன்படுத்தினால், வெளியேறும் வெப்பம் சுமார் 38 வாட் என்று வரும். உடலின் வரவு 100 வாட். கோட்டின் வழியே செலவு 38 வாட். கவலையில்லை. இப்போது கோட்டு நனைந்து அரை செ.மீ. தடிமனுக்குச் சப்பிவிட்டது. உள்ளே மிச்சமிருப்பது காற்றே என்று வைத்துக்கொண்டாலும் செலவு நான்கு மடங்காகி 150 வாட் ஆகிவிடுகிறது. அங்கே நீரும் இருப்பதால் உண்மையான செலவு இன்னும் கூடும். வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பத்தின் கதிதான் உடலுக்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1964-ஆம் ஆண்டு மார்ச் 14, 15 தேதிகளில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் 'ஃபோர் இன்ஸ்' என்ற நெடுநடைப் போட்டி நடைபெற்றது. வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலேதான் இருந்தது. ஆனால் மழையும் பலத்த காற்றும் சேர்ந்துகொண்டன. நல்ல உடல்நலம் பெற்ற மூன்று இளைஞர்கள் குளிர் தாக்கி உயிரிழந்தனர். 1953 எவரெஸ்ட் குழுவில் பணியாற்றிய கிரிஃபித் பியூ என்ற உடலியல் அறிஞர் இதை ஆராய்ந்து, அதே ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். நனைந்த உடைமேல் காற்றும் வீசினால் அதன் காப்புத் திறனில் சிறு பங்கே மிஞ்சுகிறது என்பதை அவருடைய பிற்காலச் சோதனைகளும் காட்டின. தூவி ஆனாலும் பருத்தி ஆனாலும் எல்லா உடைக்கும் பொருந்தும் பாடம் இது. உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து தொடங்குகிறது. நடுக்கம், நாக்குழறல், கால் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். இதற்குப் பனிப்பாறை தேவையில்லை. 5 டிகிரி மழையே போதும்.

வெளியே பெய்யும் மழை

'அதனால்தானே மேலே நீர் புகாத துணி போட்டிருக்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தத் துணியைப் பற்றியும் காண்போம்.

நீர் புகாத துணிக்குப் புகழ்பெற்ற ஊரே கிளாஸ்கோதான். அவ்வூர்க்காரரான சார்லஸ் மேக்கின்டாஷ், நாஃப்தாவில் கரைத்த ரப்பரை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி 1823-இல் காப்புரிமை பெற்றார். மழைக் கோட்டுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ரப்பர் மழையை வெளியே நிறுத்தியது போலவே வியர்வையை உள்ளே நிறுத்தியது.

இதற்கு விடை 1969-இல் அமெரிக்காவில் கிடைத்தது. ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லான் என நாம் அறிந்த பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த சவ்வாக்கினார். நீர்த்துளி அந்தத் துளைகளில் நுழைய முடியாது. பரப்பு இழுவிசை தடுத்துவிடும். தனித்தனி மூலக்கூறுகளாகத் திரியும் நீராவியோ எளிதாகக் கடந்துவிடும். கோர்-டெக்ஸ் என்ற பெயரில் இந்தச் சவ்வு வைத்த மழைக் கோட்டுகள் 1970-களில் கடைக்கு வந்தன. இன்று வேறு பல சவ்வுகளும் உள்ளன.

கோட்டின் சீட்டில் 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று காண்பது மழையளவு அன்று. துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி நீர் ஊற்றினால், எவ்வளவு உயரம் வரை ஒழுகாமல் தாங்கும் என்பதையே அது குறிக்கிறது. 10,000 மி.மீ. என்றால் 10 மீட்டர். ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். மழைத்துளி இவ்வளவு அழுத்துவதில்லை. ஆனால் முதுகுப்பையின் வார் தோளை அழுத்தும் இடத்திலும், ஈரப் பெஞ்சில் உட்காரும் இடத்திலும் அழுத்தம் மிகுதி.

இவ்வளவு வலிய துணியையும் ஒரு சிறு ஊசி தோற்கடித்துவிடும்! ஊசித் துளையின் விட்டம் 1 மி.மீ. என்க. பரப்பு இழுவிசை அங்கே தாங்கக்கூடியது, மிஞ்சிப் போனால் 3 செ.மீ. உயர நீரின் அழுத்தம்தான். 10 மீட்டர் எங்கே, 3 செ.மீ. எங்கே! தூவி ஒரு பக்கம் சரிந்து சேராமல் இருக்கக் கோட்டு முழுவதும் கட்டம் கட்டமாகத் தைக்கிறார்கள் அல்லவா? அந்தத் தையல் வெளித்துணியையும் துளைத்துப் போயிருந்தால் ஒவ்வொரு தையலும் ஓர் ஒழுகல்தான். தையலின் உட்புறத்தில் பட்டை ஒட்டி அடைத்திருந்தால் மட்டுமே அது மழைக்கோட்டு. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தால், சிறு தூறலைச் சற்று நேரம் தாங்கும் என்பதே பொருள்.

உள்ளே பெய்யும் மழை

தையலை அடைத்து, சவ்வும் வைத்து, குறையின்றிச் செய்த கோட்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓர் இடர் இருக்கிறது. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பேருந்தைப் பிடிக்க மேட்டில் விரைந்து நடக்கிறீர்கள். உடலின் வெப்ப வரவு 100 வாட்டிலிருந்து 400, 500 வாட் என ஏறிவிடுகிறது. தடித்த தூவிக்குள் அது அடைபடுகிறது, வியர்க்கிறது. 1 கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 2,400 ஜூல் வெப்பம் தேவை. மிகுதியான வெப்பத்தில் 100 வாட்டை மட்டும் வியர்வையால் போக்குவதானாலும் ஒரு மணி நேரத்தில் 150 கிராம் நீர் ஆவியாக வேண்டும். ஒரு சிறு டம்ளர் நீர்!

அந்த ஆவி எங்கே போகிறது? தூவியின் வழியாக வெளிநோக்கிப் போகிறது. தோலருகே 33 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 36 கிராம் நீராவியைத் தாங்கும். வெளித்துணியருகே 5 டிகிரியில் 7 கிராம்தான் தாங்கும். சவ்வின் வழியே தப்பாத ஆவி, குளிர்ந்த தம்ளரின்மேல் நீர் முத்துக்கட்டுவது போல, வெளித்துணியின் உட்பக்கத்தில் நீராகிறது. அதை ஒட்டியே இருப்பது எது? தூவி. வெளி மழைக்குப் பயந்து போர்த்திய துணியே உள்ளே ஒரு மழையைப் பெய்விக்கிறது.

வெளித்துணியின் மேற்பரப்பில், சேப்பங்கிழங்கு இலைமேல் நீர் உருள்வதுபோல நீரை உருளவிடும் ஒரு பூச்சு உண்டு. நாள்பட அது தேய்ந்துவிடும். பிறகு மேல்துணி நீரை உறிஞ்சி ஈரப் போர்வையாகிவிடுவதால், சவ்வு நல்ல நிலையில் இருந்தாலும் ஆவி வெளியேறும் வழி குறுகிவிடுகிறது. வெளியே ஈரம் மிகுந்த நாளில்தான் உள்ளேயும் ஈரம் மிகுகிறது.

இந்தப் பூச்சுகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதைவதில்லை. அவை கலந்த துணிகளின் விற்பனையை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 தொடக்கத்திலிருந்து தடை செய்தன. கடும் மழைக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் தரப்பட்டது. இச்சேர்மங்கள் இல்லாத பூச்சு என்று எழுதியிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

எதை வாங்குவது?

ஈரக்குளிர் நாட்டுக்குப் போகிறவருக்கு என் யோசனை இதுதான். முதலில் சற்றுத் தளர்வான, தையல் அடைத்த, தலைமூடியுள்ள மெல்லிய மழைக்கோட்டு ஒன்று. அதனுள் அணிய, பாலியெஸ்டர் இழை அடைத்த கோட்டு அல்லது நல்ல கம்பளி ஸ்வெட்டர். பாலியெஸ்டர் இழை நீரை உறிஞ்சுவது மிகக் குறைவு, ஈரத்திலும் தூவி போல அடியோடு சப்பிவிடாது, விரைவில் காயும். கம்பளியும் ஈரத்தில் ஓரளவு தன் சுருளை விடாமல் நிற்கும். எடைக்கு எடை தூவிதான் சிறந்தது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிறப்பு உலர்ந்திருக்கும் வரைக்கும்தான்.

இரண்டாக வைத்துக்கொள்வதில் வேறு நன்மைகளும் உண்டு. மேடு ஏறும்போது உள்கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு மழைக்கோட்டோடு நடக்கலாம், வியர்வை குறையும். நின்றதும் மீண்டும் அணிந்துகொள்ளலாம். மழைக்கோட்டு கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒற்றைக் கோட்டில் வெளித்துணி கெட்டால் தூவியும் சேர்ந்து கெடும். விடுதியின் சிறு அறையில் நனைந்த தூவிக் கோட்டை உலர்த்திப் பார்த்தவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும்.

எதிர்வாதத்தையும் கேட்க வேண்டும். 'நான் மலையேறப் போவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்பேன். வகுப்புக்குள் போய்விடுவேன்' என்பவருக்கு வியர்வை பெரிய இடரன்று. அவருக்கு நீர் புகாத தூவிக் கோட்டு போதும். நீர் ஒட்டாதபடி பக்குவம் செய்த தூவியும் இப்போது கிடைக்கிறது. அது நனைவதைத் தாமதப்படுத்தும், அறவே தடுக்காது. அப்படி வாங்குவோர் நான்கைப் பார்க்கட்டும்: தையல்கள் உள்ளே பட்டையிட்டு அடைக்கப்பட்டுள்ளனவா? கட்டத் தையல் வெளித்துணியைத் துளைக்காமல் இருக்கிறதா? ஜிப்பின்மேல் மூடுமடிப்பு உண்டா? சூடேறினால் திறந்துவிட அக்குளருகே ஜிப் உண்டா? நான்குக்கும் 'ஆம்' என்றால் வாங்கலாம். தூவி வாத்தை உயிரோடு பிய்த்து எடுத்ததன்று என்ற சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கனடாவின் வின்னிபெக் போன்ற உலர்குளிர் ஊருக்குப் போகிறவர் தூவிக் கோட்டைத் தயங்காமல் வாங்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று எவர்சில்வர் தம்ளர்களில் சம அளவு வெந்நீர் ஊற்றுங்கள். முதல் தம்ளரைச் சுற்றி உலர்ந்த பஞ்சைக் கட்டுங்கள். மற்ற இரண்டிலும் அதே அளவு பஞ்சை வெந்நீரின் வெப்பநிலையிலேயே நனைத்துப் பிழிந்து கட்டுங்கள். மூன்றாவதன் பஞ்சின்மேல் பாலித்தீன் பையைச் சுற்றி ஆவியாதலைத் தடுங்கள். மூன்றையும் தட்டால் மூடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். எது முதலில் ஆறுகிறது? இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு எதைக் காட்டுகிறது? பெரியவர்களின் துணையோடு செய்யுங்கள்.

உங்களில் சிலர் ஒருநாள் அத்தகைய ஈரக்குளிரில் போய் நிற்கலாம். அண்ணனோ அக்காவோ இப்போதே அங்கிருந்து 'எந்தக் கோட்டு வாங்கட்டும்?' என்று கேட்கலாம். சீட்டில் உள்ள 800 என்ன, 10,000 என்ன என்று அவர்களுக்கு இனி நீங்களே சொல்ல முடியும். அவற்றைச் சொன்ன பிறகு, சீட்டில் எழுதாத ஒன்றையும் கேளுங்கள்: 'இதை அணிந்துகொண்டு நடக்கப் போகிறாயா, நிற்கப் போகிறாயா?' அந்தப் பதிலைப் பொறுத்தே தேர்வு அமையட்டும்.